வைக்கோலும் உமியும்: எரிவாயுக் குழியா, கரிக்கட்டியா?

பெரும்போக வெட்டு முடிந்ததும் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வயலில் வைக்கோலை எரிக்கிறார்கள். மில் வாசலில் உமி மலையாகக் கிடக்கிறது. இரண்டையும் அடுப்பெரிக்கப் பயன்படுத்தலாம். எந்த வழியில் என்பதில்தான் பலருக்குக் குழப்பம். ஒன்று, சாணத்தையும் வைக்கோலையும் காற்றுப் புகாத குழியில் உக்கவைத்து வாயு எடுப்பது; கீழே ‘குழி’ என்பது இது. மற்றது, உமியைக் கரியாக்கி, பசை சேர்த்து அழுத்திக் கட்டியாக்குவது; ‘கரி’ என்பது இது.

செலவு
குழி: கல், சீமெந்து, வேலை தெரிந்த மேசன்.
கரி: பழைய தகர பரல், மாப்பசை, கையால் அழுத்தும் அச்சு.

போடும் பொருள்
குழி: வைக்கோலை மட்டும் போட்டால் சரிவராது. அதில் காபன் கூட, நைதரசன் குறைவு. மிதந்து மேலே ஏடாகப் படியும். பொடியாக நறுக்கி, ஊறவைத்து, சாணத்தோடு கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். ஒரு கன மீற்றர் வாயுவுக்குச் சுமார் 25 கிலோ பச்சைச் சாணம் தேவை. வன்னி மாடுகள் பகல் முழுக்க வெளியே மேய்பவை. இரவில் பட்டியில் அடைப்பவருக்குத்தான் அவ்வளவு சாணம் சேரும்.
கரி: உமி குழியில் இலகுவில் உக்காது, கரியாக்கத் தோதானது. ஆனால் சாம்பல் அதிகம்.

தண்ணீர்
குழி: சாணத்துக்குச் சமமாக, தினமும். ஆவணியில் கிணறு வற்றும் வளவென்றால் வேண்டாம்.
கரி: பசை கரைக்க மட்டும். கட்டி காய வெயில் வேண்டும். மாரியில் வேலை நடக்காது.

சமையல்
குழி: புகையில்லை, பானையில் கரி பிடிக்காது.
கரி: மூடிய குசினியில் எரிக்கவே கூடாது. காபனோரொட்சைட்டு மணமில்லாமல் ஆளைக் கொல்லும்.

மாட்டுப்பட்டியும் வற்றாத கிணறும் இருந்தால் யோசிக்காமல் குழி கட்டுங்கள். வெளிவரும் கரைசல் கத்தரிக்கும் மிளகாய்க்கும் நல்ல பசளை. மாடில்லாமல் மில்லுக்குக் கிட்ட இருப்பவர்கள், முக்கியமாகச் சேர்ந்து தொழில் தேடும் பெண்கள், கரிக்கட்டியில் தொடங்கலாம்.