கெட்டி ஆயிலா, வழவழ ரேஸா? பேரிங் ஆயுளுக்கு எது கைகொடுக்கும்

பேரிங் சீக்கிரம் போகிறது என்றால் பொதுவாக இரண்டு யோசனைகள் வரும். ஆயிலைக் கொஞ்சம் கெட்டியாக மாற்றலாம். அல்லது காசு கூடினாலும் ரேஸ், அதாவது உருண்டைகள் ஓடும் வளையத் தடம், நன்றாக ஃபினிஷ் செய்த பேரிங்காக வாங்கலாம். இரண்டும் குறிவைப்பது ஒரே எண்ணைத்தான். பாலுக்கும் (உள்ளே உருளும் உருண்டை) ரேஸுக்கும் நடுவே நிற்கும் ஆயில் படலத்தின் கனத்தை, அந்த இரண்டு பரப்புகளின் கூட்டுச் சொரசொரப்பால் வகுத்தால் வருவது லாம்டா. அது 1-க்குக் கீழே போனால் உலோகத்தோடு உலோகம் உரசும். 3-க்கு மேல் இருந்தால் படலமே சுமையைத் தாங்கும். படலத்தின் கனமோ பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு.

வெறும் கணக்கில் ஃபினிஷ்தான் ஜெயிக்கும். சொரசொரப்பு பாதியானால் லாம்டா இரட்டிப்பாகும். ஆயிலில் அப்படி இல்லை. படலத்தின் கனத்தைக் கணக்கிடும் ஹாம்ராக்–டவ்சன் சூத்திரப்படி, படலம் பாகுத்தன்மையின் (ஆயிலின் கெட்டித்தன்மை) 0.67 அடுக்கில்தான் வளரும். லாம்டாவை இரட்டிப்பாக்க 2.8 மடங்கு பாகுத்தன்மை வேண்டும். விஜி என்பது 40 டிகிரியில் ஆயிலின் பாகுத்தன்மையைச் சொல்லும் தர எண்; விஜி 32 ஓடிய இடத்தில் விஜி 100 ஊற்றியாக வேண்டும். சுமை விஷயம்தான் வேடிக்கை: அது இரண்டு மடங்கானாலும் படலம் 5 சதவீதம்கூட மெலியாது. சுமை ஆயுளைத் தின்பது ஸ்டீலைக் களைப்படையச் செய்துதான்.

ஆனால் நம் கையில் இருப்பது ஆயில். 1440 ஆர்பிஎம் மோட்டாரில் 6205 என்ற அளவு எண் கொண்ட ஒரு பேரிங்கை எடுத்துக்கொள்வோம். பேரிங் ஆயுளைக் கணக்கிடும் தரநிலையான ஐஎஸ்ஓ 281 முறையில், ஓடும் சூட்டில் அதற்குத் தேவையான பாகுத்தன்மை சுமார் 19 சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையின் அலகு). 70 டிகிரியில் விஜி 32 தருவது ஏறக்குறைய 11. விஜி 68 தருவது 20 பக்கம். மோட்டாரில் கிரீஸ்தானே என்றால், அதற்குள் இருக்கும் அடிப்படை ஆயிலின் பாகுத்தன்மையைப் பாருங்கள். டப்பாவில் பெரிதாகப் போட்டிருக்கும் 2, 3 என்ற எண் கிரீஸின் இறுக்கம்தான். படலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இங்கே சரியான ஆயில் இருந்தாலே போதும், விலை கூடிய ஃபினிஷுக்குச் செலவழிக்க மாட்டேன். அதற்காக விஜி 220 ஊற்றினால் சூடு ஏறும், ஏறிய சூட்டில் ஆயில் இளகும், கரன்ட்டும் வீண்.

மெதுவாகச் சுற்றும் இடங்களில் கதை மாறும். பிட்ச் விட்டம் (உருண்டைகளின் மையங்கள் சுற்றும் வட்டத்தின் விட்டம்) 150 மில்லிமீட்டர், வேகம் 20 ஆர்பிஎம் என்றால் தேவை சுமார் 300 சென்டிஸ்டோக். விஜி 460 கூட 70 டிகிரியில் 100-ஐ ஒட்டித்தான் நிற்கும். இதற்கு மேல் ஆயிலை நம்பிப் பயனில்லை. ஈபி சேர்மானமும் (அதிக அழுத்தத்தில் உலோகத்தைக் காக்க ஆயிலில் கலப்பது) நல்ல ஃபினிஷும்தான் இங்கே காப்பாற்றும்.

ஃபினிஷ் என்றாலும் எதை வழவழப்பாக்குவது என்று பார்க்க வேண்டும். கூட்டுச் சொரசொரப்பு என்பது இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி எடுத்த வர்க்கமூலம். ரேஸ் 0.1 மைக்ரான், பால் 0.02 என்றால் கூட்டு 0.102. பாலை எவ்வளவு மெருகேற்றினாலும் 0.1-க்குக் கீழே வராது. இன்னொரு சங்கதி, ஒரு பரப்பு சொரசொரப்பாகவும் மற்றது வழவழப்பாகவும் இருந்தால், நுண்குழிகள் பெரும்பாலும் வழவழப்பான பரப்பில்தான் விழும். அப்புறம், பழைய ரேஸை எமரி பேப்பரால் தேய்த்துப் பளபளப்பாக்கும் வேலை வேண்டவே வேண்டாம். தடத்தின் வளைவு கெட்டுவிடும், எமரித் துகளும் உள்ளே தங்கும்.

எதை மாற்றுவது என்ற சந்தேகம் வந்தால், போன பேரிங்கை அறுத்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். பால் ஓடிய தடம் மட்டும் பளபளப்புப் போய்ச் சாம்பல் நிறமாக மங்கியிருந்தால் படலம் போதவில்லை. ஆயிலோ ஃபினிஷோ உதவும். தடம் பளிச்சென்று இருந்து, அங்கங்கே சின்னச் சின்னப் பள்ளங்கள் தெரிந்தால் தூசி புகுந்திருக்கிறது. சில மைக்ரான் தூசிக்கு அரை மைக்ரான் படலம் எந்த மூலைக்கு? முதலில் சீலை மாற்றுங்கள்.