ஜெராக்ஸ் கடையில் எக்ஸ்டிஜி-ஓப்பன்: 2 வருஷம் ஓட்டிப் பார்த்ததில்

நாகமலை புதுக்கோட்டையில் ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட் கடை வைத்திருக்கிறேன். காமராசர் பல்கலைக்கழகம் பக்கம் என்பதால் தீசிஸ் கொடுக்கிற சமயத்தில் பென் டிரைவோடு கூட்டம் நிற்கும். கடைக் கம்ப்யூட்டர் 4 ஜிபி ராம் உள்ள பழசு, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் மெனுவைத் திறந்து, புரோகிராமைத் தேடி, அதற்குள் போய் ஃபைலைத் தேடி என்று உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவே முடியாது.

எக்ஸ்டிஜி-ஓப்பன் (xdg-open) என்ற லினக்ஸ் கட்டளை அந்த வேலையை ஒரே வரியில் முடித்துவிடுகிறது. கட்டளைகளை அடிக்கிற ஜன்னலான டெர்மினலில் அதை அடித்து ஃபைல் பெயரைக் கொடுத்தால், அது என்ன வகை என்று பார்த்து அதற்குரிய புரோகிராமில் திறக்கும். பிடிஎஃப் வியூவரில், டாக்குமென்ட் லிப்ரே ஆஃபீஸில், வெப் முகவரி கொடுத்தால் பிரவுசரில். பெயருக்குப் பதில் ஒரு புள்ளி மட்டும் வைத்தால் நாம் நிற்கிற ஃபோல்டரே ஜன்னலாகத் திறக்கிறது. ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது தடவை நான் அடிப்பது இதைத்தான். மேக்கில் ஓப்பன், விண்டோஸில் ஸ்டார்ட் என்று இதே வேலைக்குக் கட்டளைகள் உண்டு.

புரோகிராம் பெயரையே நேராக அடித்தால் என்ன என்று கேட்கலாம். அடிக்கலாம், ஆனால் அதை மூடும்வரை டெர்மினலில் வேறு எதுவும் அடிக்க முடியாது. கடைசியில் & போட்டால் டெர்மினல் நம் கைக்கு வந்துவிடும், நானும் அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். போன சித்திரைத் திருவிழாவுக்கு எங்கள் தெருப் பையன்கள் நீர்மோர் பந்தலுக்கு ஃபிளெக்ஸ் கேட்டார்கள், அப்படித்தான் படம் எடிட் பண்ணுகிற கிம்ப்பைத் திறந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து அழகர் படத்தை வெட்டி ஒட்டி வைத்தேன், சேவ் பண்ணவில்லை, வேலை இல்லாமல் கிடந்த டெர்மினலை மூடினேன், கிம்ப்பும் சேர்ந்து போய்விட்டது. "அண்ணே, சாயங்காலம் கட்டணும்ணே" என்று பையன் நிற்கிறான். மனசு விட்டுப்போச்சு. டெர்மினல் மூடும்போது தனக்குக் கீழே ஓடுகிறவற்றுக்கு நின்றுவிடச் சொல்லும் சிக்ஹப் என்ற சிக்னலை அனுப்புகிறது, & போட்டிருந்தாலும் அது போய்ச் சேரும். அப்புறம் கற்றுக்கொண்டது செட்எஸ்ஐடி (setsid) என்ற கட்டளை. புரோகிராம் பெயருக்கு முன்னால் அதைச் சேர்த்தால் தனி செஷனில் ஓடும், & கூடத் தேவையில்லை, டெர்மினலை மூடினாலும் ஒன்றும் ஆகாது.

மின்ட் மாதிரி முழு டெஸ்க்டாப்பில் எக்ஸ்டிஜி-ஓப்பன் வேலையைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடும். முழு டெஸ்க்டாப் இல்லாமல், ஜன்னல்களைக் காட்டுகிற லேசான விண்டோ மேனேஜர் மட்டும் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும், அங்கே அதுவும் டெர்மினலைப் பிடித்துக்கொண்டு நிற்கும், செட்எஸ்ஐடி சேர்த்தே அடியுங்கள்.

எனக்கு உள்ள பெரிய மனக்குறை, ஒரு தடவைக்கு ஒரே ஃபைல்தான். அத்தியாயத்துக்கு ஒன்றாக ஏழு பிடிஎஃப் கொண்டுவருகிற பிள்ளைகளுக்கு ஒவ்வொரு ஃபைலுக்கும் கட்டளையைத் திரும்ப ஓட்டுகிற ஃபார் லூப் எழுத வேண்டியிருக்கிறது. இவ்வளவு நல்ல கட்டளைக்கு இது ஏன் இன்னும் இப்படி இருக்கிறது என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இன்னொன்று, சரியான புரோகிராமில் திறக்காமல் போவது. என் கம்ப்யூட்டரில் ஒரு நாள் பிடிஎஃப் எல்லாம் கிம்ப்பில் திறக்க ஆரம்பித்தது, 200 பக்கத் தீசிஸைப் படமாக இறக்கப் பார்க்கிறது. தப்பு எக்ஸ்டிஜி-ஓப்பன் மேல் இல்லை, எந்த வகைக்கு எந்த புரோகிராம் என்ற பட்டியல் மாறிக் கிடந்திருக்கிறது. எக்ஸ்டிஜி-மைம் (xdg-mime) என்ற கூட்டாளிக் கட்டளையில் குவெரி டிஃபால்ட் (query default) என்று கேட்டால் இப்போது எது இருக்கிறது என்று சொல்லும், டிஃபால்ட் என்று கொடுத்து மாற்றிவிடலாம். இரண்டும் எக்ஸ்டிஜி-யூட்டில்ஸ் பேக்கேஜில் வருகின்றன, காசு கிடையாது, பெரும்பாலான லினக்ஸ் டெஸ்க்டாப்களில் ஏற்கெனவே இருக்கும்.