ஆறின வண்டியைக் காட்டுங்க: நாமக்கல்லில் ஒரு பிக்கப் ரிப்பேர்

ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து மூணு வார லீவில் நாமக்கல் போயிருந்தேன். மச்சினனிடம் 2018 மாடல் டீசல் பிக்கப் ஒன்று இருக்கிறது. கொல்லிமலையிலிருந்து அன்னாசியும் வாழைத்தாரும் இறக்குகிற வண்டி. போன மறுநாளே, "மாமா, ரெண்டு மாசமா கேபினுக்குள்ள ஒரே புகை நாத்தம். மலை ஏறவும் மாட்டேங்குது" என்றான். 70 கொண்டை ஊசி வளைவையும் முக்கி முனகித்தான் ஏறுகிறதாம், பின்னால் கரும்புகை வேறு.

நானும் அங்கே டீசல் யூட்தான் (பிக்கப்பை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) வைத்திருக்கிறேன், கொஞ்சம் கை வைக்கவும் தெரியும். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தேன். ஏசியை உள்காற்றுக்கு மாற்றினால் நாற்றம் குறைந்தது, வெளிக்காற்றுக்குத் திருப்பினால் வந்தது. கேபினுக்குப் போகும் காற்று முன்கண்ணாடிக்குக் கீழே, பானெட்டை ஒட்டித்தான் உள்ளே நுழைகிறது. அப்படியானால் லீக் பின்னால் சைலன்சரில் இல்லை, பானெட்டுக்குள்தான். டர்போவுக்கு முன்னாடி லீக் என்றால் இழுவையும் போகும். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற அந்த டர்போவைச் சுழற்றுவதே புகையின் வேகம்தான். அது வழியிலேயே கசிந்தால் காற்று குறையும், டீசல் முழுசாக எரியாது. கரும்புகைக்குக் கணக்கு சரியாக வந்தது. ஆனால் எந்த இடம்? அரை மணி நேரம் குனிந்து காது கொடுத்தும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

முதலில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டர். ஸ்கேனர் மாட்டினார்கள், கோளாறு எதுவும் காட்டவில்லை. வண்டியைக் கழுவி, பில்லைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இது பிஎஸ்4 வண்டி, அதாவது பழைய புகை விதிப்படி வந்தது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டிகளில் புகைக்குழாய் நெடுக சென்சார் இருப்பதால் ஏதாவது ஒன்று கத்தியிருக்கலாம். இதில் கத்த ஆளில்லை. அடுத்த இடத்தில் பார்த்த மாத்திரத்தில் "டர்போ போச்சுங்க, மாத்திருங்க" என்றார்கள். ஹோஸைக் கழற்றி ஷாஃப்டை ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். ஆட்டமே இல்லை, எண்ணெய்க் கசிவும் இல்லை. கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினோம்.

மூன்றாவது, சேலம் ரோட்டில் தகரக் கொட்டகை போட்ட ஒரு ஒர்க் ஷாப். அறுபதைத் தாண்டிய மெக்கானிக். பானெட்டைத் திறக்கக்கூட இல்லை. "இப்ப சூடா இருக்குதுங்க. ராத்திரி இங்கயே விட்டுட்டுப் போங்க. காலைல ஆறி இருக்கறப்ப முத ஸ்டார்ட்ட நாந்தான் பண்ணோணும், யாரும் சாவியத் தொடக் கூடாது" என்றார். அப்போதுதான் உறைத்தது. நான் உட்பட எல்லாரும் ஓட்டிச் சூடேற்றிக்கொண்டு போய்த்தான் காட்டியிருக்கிறோம்.

காலை ஆறரை மணி. ஸ்டார்ட் ஆனதும் தையல் மெஷின் மாதிரி டிக் டிக் டிக். ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தமும் கூடவே ஓடியது. அவர் ஒன்றரை அடி ரப்பர் டியூப் ஒன்றை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை மேனிஃபோல்டு (எல்லா சிலிண்டரின் புகையையும் சேர்த்து வெளியே அனுப்புகிற இரும்புக் குழாய்) ஓரமாக நகர்த்திக்கொண்டே போனார். கடைசி சிலிண்டர் பக்கம் நின்றார். டியூபை என்னிடம் நீட்டினார். காதுக்குள் யாரோ விரலால் சுண்டுவது போல இருந்தது. ஒர்க் ஷாப் பையன் பின்னால் போய் ஈரச் சாக்கை வைத்துப் புகைக்குழாயை ரெண்டு செகண்டு அடைத்தான். அதே இடத்தில் புஸ்ஸென்று புகை. நாலு நிமிஷத்தில் இன்ஜின் சூடேறியது, டிக் சத்தம் தேய்ந்து நின்றேவிட்டது. இரும்பு விரிந்து இடைவெளியை மூடிக்கொள்கிறது. லோடில் அழுத்தம் கூடும்போது மட்டும் மறுபடி கசியும், மலையில் நடந்தது அதுதான்.

மேனிஃபோல்டை மூடியிருந்த சூட்டுத் தகட்டைக் கழற்றியதும், அதை இன்ஜினோடு பிடித்திருக்கும் திருகாணிகளில் கடைசி ஸ்டட்டைச் சுற்றி விசிறி மாதிரி கரி. ஸ்டட் உள்ளேயே முறிந்திருந்தது. மேனிஃபோல்டு நீளவாக்கில் விரிவதால் ஓரத்து ஸ்டட்டுக்குத்தான் முதல் அடி. மிச்சத்தை டிரில் போட்டு எடுக்கவே மத்தியானம் ஆனது. மேனிஃபோல்டு முகத்தில் ஸ்கேலை வைத்து இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டால் ஓரத்தில் தாராளமாக நுழைந்தது. லேத்துப் பட்டறையில் ஃபேஸ் எடுத்து, முகத்தைச் சமமாக்கி வந்தோம்.

மேனிஃபோல்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் வைக்கிற பேக்கிங் வாங்கப் போன கடையில் முதலில் அட்டை மாதிரி ஒன்றை எடுத்துப் போட்டார்கள். லோடில் 600 டிகிரியைத் தாண்டுகிற இடம், அங்கே பல அடுக்கு ஸ்டீல் பேக்கிங்தான் நிற்கும். சேசிஸ் நம்பரைச் சொல்லிக் கேட்டதும் உள்ளேயிருந்து சரியானது வந்தது. பெரியவரோடு எனக்கு ஒரே ஒரு உரசல்: பேக்கிங்குக்கு மேல் சிவப்புப் பேஸ்ட் தடவப் பார்த்தார். அது அந்தச் சூட்டில் பொரிந்து உதிர்ந்துவிடும் என்றேன். "உங்கூர்ல அப்படிங்களா" என்று சிரித்துவிட்டுத் துடைத்தார். நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்றாக டைட் வைத்தார்.

அதற்கப்புறம் வண்டிக்கு அடியில் படுத்தவர் சொன்னதுதான் எனக்கு இந்தப் பயணத்திலேயே பெரிய பாடம். சைலன்சரைத் தாங்குகிற ரப்பர் ஒன்று அறுந்து, குழாயின் கனமெல்லாம் ஆட்டத்தோடு முன்பக்கம் தொங்கியிருக்கிறது. "ஸ்டட்ட முறிச்சது இதுங்க. இதைய மாத்தாம விட்டா ஆறு மாசத்துல மறுக்கா வருவீங்க." அந்த ரப்பர் அன்றைக்குக் கடையில் இல்லை. மறுநாள் வாங்கி மாட்டச் சொன்னார். பேக்கிங், ஸ்டட், லேத்து, கூலி எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய். பெர்த்தில் ஒரு மணி நேர லேபர் மட்டும் 100 டாலருக்குக் குறையாது.

500 கிலோமீட்டர் ஓடினதும், ஆறின வண்டியில் ஒரு தடவை டைட் பார்க்க வரச் சொல்லியிருந்தார். ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்து மச்சினனிடமிருந்து வாட்ஸப்பில் ஆடியோ: காலை முதல் ஸ்டார்ட், பின்னணியில் சேவல். ஹெட்ஃபோன் போட்டு ரெண்டு தடவை கேட்டேன், டிக் இல்லை. ரப்பர் மாட்டினாயா என்று கேட்டதற்கு, "ஞாயித்துக்கிழமை போறேன் மாமா" என்று பதில். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லவில்லை.