இரத்தச்சோகைக்கு முருங்கையிலையா, கோழி ஈரலா?

எனக்கு இரும்புச்சத்துக் குறைவால் வந்த இரத்தச்சோகை என்று வைத்தியர் சொன்னதிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. அம்மாவுக்கு முருங்கையிலை வறை; மாமிக்குக் கோழி ஈரல். நான் மாமியின் பக்கம் சேர்ந்துவிட்டேன்.

முருங்கையிலையின் வசதியைச் சொல்லவே வேண்டாம். வேலியோரம் நிற்கிறது, காசில்லை, வெள்ளிக்கிழமை மச்சம் சமைக்காத வீட்டுக்கும் ஏற்றது. ஈரலுக்குச் சந்தைக்குப் போக வேண்டும். வாங்கிய அன்றே சமைத்துவிட வேண்டும்.

ஆனால் இரத்தத்தில் சேர்வதுதானே கணக்கு! 100 கிராம் பச்சை முருங்கையிலையில் சுமார் 4 மில்லிகிராம் இரும்பு, கோழி ஈரலில் சுமார் 9. உடல் உறிஞ்சும் அளவிலோ வித்தியாசம் இன்னும் பெரிது. மச்சத்தில் ஒரு பகுதி ஹீம் இரும்பு, அதாவது இரத்தத்திலும் தசையிலும் உள்ள சிவப்புப் பொருளோடு சேர்ந்த இரும்பு. அதில் 15 முதல் 35 சதவீதம் வரை உள்ளே போகும். இலையில் உள்ளது வேறு வகை, சிறு பங்குதான் சேரும். சாப்பாட்டோடு குடிக்கும் பிளேன்ரீ அதையும் குறைத்துவிடும். ஹீம் இரும்பை அது அவ்வளவாகப் பாதிப்பதில்லை. திருகோணமலையில் சோறு உண்ட கை காய்வதற்குள் பிளேன்ரீ கேட்காத வீடு ஏது? என்னை முடிவெடுக்க வைத்தது இதுதான். ஈரலோ மீனோ அதே சோற்றுக் கோப்பையில் இருந்தால் கீரையின் இரும்பும் கூடுதலாகச் சேரும் என்பதால் வறையையும் விடவில்லை. சூரைத் துண்டோடு சாப்பிடுகிறேன். வெள்ளிக்கிழமைகளில் வறையை இறக்கியபின் தேசிக்காய் பிழிந்து, பிளேன்ரீயை ஒரு மணி நேரம் தள்ளிவைக்கிறோம்.

ஈரல் வாரம் ஒரு தடவை. மிளகும் கறிவேப்பிலையும் போட்டுப் பிரட்டி, பெரிய துண்டை வெட்டிப் பார்த்து நடுவில் சிவப்பு மறைந்ததும் இறக்க வேண்டும். அதற்குமேல் அடுப்பில் நின்றால் மண்போல் உதிரும். கிண்ணியா மட்டியிலும் இரும்பு உண்டு. நான் அதிகம் சமைத்ததில்லை என்பதால் இங்கே ஒப்பிடவில்லை.

என் ஹீமோகுளோபின் ஏறியிருக்கிறது. இரும்பு மாத்திரையும் கூடவே போவதால், ஈரலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. மாத்திரையை நிறுத்தி ஈரலை மட்டும் நம்ப எனக்குத் துணிவில்லை. ஈரலில் விற்றமின் ஏ மிகுதி. கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்காக இரத்தம் ஏற்றுபவர்களின் உடலில் இரும்பு ஏற்கெனவே மிகையாகச் சேர்ந்திருக்கும். அவர்கள் வைத்தியரைக் கேட்காமல் என் வழியைப் பின்பற்றவே கூடாது.