சி70, ஆர்எக்ஸ்இசட், வெஸ்பா: குறைந்த காசில் எதை எடுத்துச் சரிசெய்யலாம்?

பினாங்கில் பழைய மோட்டார் ஒன்றை எடுத்துச் சரிசெய்து ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பேச ஆரம்பித்தால் மூன்று பெயர்கள்தான் வரும்: ஹோண்டா சி70, யமஹா ஆர்எக்ஸ்இசட், வெஸ்பா பிஎக்ஸ்150. மூன்றுமே நம் குடும்பங்களில் ஓடியவை. தாத்தா வேலைக்குப் போனது சி70-இல், மாமா ஊர் சுற்றியது ஆர்எக்ஸ்இசட்டில் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருக்கும். அதனால் பேச்சு சீக்கிரமே பாசத்துக்குள் போய்விடும், கணக்கு காணாமல் போய்விடும். நான் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கையில் 5,000 வெள்ளி, வாரக் கடைசியில் கொஞ்சம் நேரம், ஒரு ஸ்பேனர் செட், வீட்டு முன்னால் மழை படாத ஓர் இடம். இவ்வளவுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்படி ஆரம்பிப்பவருக்கு என் பதில் சி70. வாங்குகிற விலைக்காக மட்டும் சொல்லவில்லை. பழைய வண்டியில் ஏதாவது ஒன்று எதிர்பாராமல் போகத்தான் செய்யும், சி70-இல் அப்படிப் போகிற ஒவ்வொன்றும் சின்னச் செலவில் முடியும். மற்ற இரண்டிலும் ஒரே ஒரு வேலை மொத்தக் காசையும் விழுங்கிவிடலாம்.

மூன்றுக்கும் பொதுவான ஒரு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கெரான், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரம், இல்லாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். கெரானில் உள்ள எஞ்சின் எண், சேஸிஸ் எண் இரண்டும் இரும்பில் அடித்திருக்கும் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். டார்ச் அடித்து, துணியால் துடைத்து, ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பாருங்கள். எண் இருக்கும் இடத்தில் மட்டும் அரத்தால் தேய்த்த தடமோ புதுப் பெயிண்டோ இருந்தால் அங்கேயே பேச்சை நிறுத்திக்கொள்ளலாம். எஞ்சின் மாற்றிய வண்டி என்றால் அந்த மாற்றம் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் பதிவாகியிருக்க வேண்டும். ஆர்எக்ஸ்இசட் வாங்குகிறவர் இதில் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் திருடர்களுக்கும் அது பிடித்த வண்டி.

இப்போது விலை. ஆர்எக்ஸ்இசட் 1985-இல் இங்கே வந்து 2011 வரை விற்பனையில் இருந்தது. இன்றைக்கு அதற்கு இருக்கும் மவுசு சொல்லி முடியாது, நல்ல நிலையில் உள்ள ஒரிஜினல் வண்டிகள் 10,000 வெள்ளியை எப்போதோ தாண்டிவிட்டன. நம் கையிருப்புக்குள் கிடைப்பது பெரும்பாலும் பாதிப் பொருள் கழன்றுபோன வண்டியாகத்தான் இருக்கும், அந்தப் பாதியைத் தேடிச் சேர்ப்பதில்தான் பணமே போகும். வெஸ்பாவில் விலை ஆளுக்கு ஆள் மாறும், பளபளப்பாகப் பெயிண்ட் அடித்து நிறுத்தியவருக்கும் சமையலறைக்குப் பின்னால் போட்டுவைத்தவருக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சி70-உம் ஏறித்தான் இருக்கிறது, ஆனாலும் ஓடாத வண்டி, கெரானோடு, கையிருப்பில் பாதிக்குள் தேடினால் அகப்படும். அந்தப் பாதி என்பதை ஒரு கோடாகவே வைத்துக்கொள்ளுங்கள். 5,000 இருந்தால் வண்டிக்கு 2,500-க்கு மேல் போகக் கூடாது. விற்கிறவர் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "கார்பரேட்டர் கழுவினா ஓடிரும் தம்பி." அது உண்மையென்றால் அவரே கழுவி ஓட்டிக் காட்டியிருப்பார்.

அடுத்து உடம்பு. நம் தீவில் கடல் காற்று, அதோடு வருஷம் முழுக்க மழை, இரும்புக்கு இதைவிடக் கேடு வேறில்லை. தஞ்சோங் தோக்கோங், பத்து பெரிங்கி பக்கம் கடலோரமாக நின்ற வண்டி என்றால் பார்வை இன்னும் கூர்மையாக இருக்கட்டும். இந்த விஷயத்தில் சிக்கல் குறைவானது ஆர்எக்ஸ்இசட், குழாய்ச் சட்டம் என்பதால் துரு பிடித்தால் வெளியே தெரியும், சுரண்டி அடித்துவிடலாம். சி70-இன் சட்டம் தகட்டை அழுத்திச் செய்தது, பின் மட்கார்டே சட்டத்தின் ஒரு பகுதி. சக்கரம் வாரி அடித்த சேறு உள்பக்கம் அப்பிக் காய்ந்திருக்கும், ஈரம் அதற்குள்ளேயே தங்கும். கையை உள்ளே விட்டு அந்தச் சேற்றைச் சுரண்டி எடுத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவர் நுனியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு டிங்கென்று சொல்லும், அரித்த தகடு சத்தமே இல்லாமல் உள்வாங்கும். பேட்டரிப் பெட்டியைச் சுற்றியும் ஆசிட் சிந்தித் தின்றிருக்கும்.

வெஸ்பாவில் இதே சோதனையைக் கால் வைக்கும் தளத்தின் அடியில் செய்ய வேண்டும், அதுவும் குறுக்குப் பட்டை ஒட்டுகிற இடத்தில். வெஸ்பாவுக்குத் தனியாகச் சட்டம் என்று எதுவும் கிடையாது, உடம்புதான் சட்டம். தளம் அரித்திருந்தால் அது அழகுப் பிரச்சினை இல்லை, வண்டியின் முதுகெலும்பே போயிற்று என்று அர்த்தம். தளத்தை வெட்டி எடுத்து, உடம்பு கோணாமல் முட்டுக்கொடுத்து நிறுத்திப் புதுத் தளம் வெல்ட் செய்ய வேண்டும், தெரிந்தவர் செய்தால்தான் நேராக வரும். மேலே ரப்பர் பாய் விரித்து, கீழே கறுப்புத் தார்ப் பெயிண்ட் தடவி விற்பார்கள். பாயைத் தூக்கிப் பார்க்க விடாதவரிடம் வாங்க வேண்டாம்.

எஞ்சின் விஷயத்தில்தான் மூன்றும் நன்றாகப் பிரியும், இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

சி70 நான்கு ஸ்ட்ரோக், 72 சிசி, பிஸ்டன் 47 மில்லிமீட்டர். சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத் கடையில் போர் போட்டு, அதாவது உள்சுவரைக் கடைந்து அகலமாக்கி, 0.25 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன், அப்புறம் 0.50, 0.75 என்று போய்க்கொண்டே இருக்கலாம். சி70 சேர்ந்த சூப்பர் கப் குடும்பம் 1958-இல் ஆரம்பித்து 2017-இல் 10 கோடி வண்டிகளைத் தாண்டியது. அதனால் ஆசியா முழுக்க யாராவது ஒருவர் இதற்குப் பொருள் செய்துகொண்டே இருக்கிறார். வழக்கமான பராமரிப்பை வீட்டிலேயே முடிக்கலாம். எஞ்சின் ஆறிய பிறகு மேக்னெட் மூடியைக் கழற்றி, பிளைவீலை இடஞ்சுழியாகச் சுற்றி, அழுத்தம் ஏறும் சுற்றில், பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் டி குறி கோட்டுக்கு நேராக வரும்போது நிறுத்துங்கள். ஹெட்டில் மேலும் கீழும் இருக்கும் வட்ட மூடிகளைத் திறந்தால் வால்வு ஸ்க்ரூ தெரியும். இரண்டுக்கும் இடைவெளி 0.05 மில்லிமீட்டர். இடைவெளி அளக்கும் மெல்லிய ஃபீலர் தகடு லேசாகப் பிடித்து இழுபட்டு வர வேண்டும். நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பும், அதனால் இறுக்கிய பிறகு இன்னொரு தடவை அளந்து பாருங்கள். பாயின்ட் வகை (தீப்பொறிக்காகத் திறந்து மூடும் தொடுமுனை) என்றால் அதன் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை, தீப்பொறி நேரத்தைக் காட்டும் எஃப் குறி கோட்டுக்கு வரும்போது பாயின்ட் அப்போதுதான் திறக்க ஆரம்பிக்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தால் பாதி சி70-கள் அரை உதையில் எழுந்துவிடும்.

ஆர்எக்ஸ்இசட் 133 சிசி, இரண்டு ஸ்ட்ரோக். வால்வு இல்லை, கேம் இல்லை, பார்க்க இன்னும் எளிமையாகத்தான் தெரியும். ஆனால் இரண்டு ஸ்ட்ரோக்கில் கிராங்க் பெட்டிக்குள்தான் கலவை அழுத்தப்படுகிறது, அங்கே காற்று கசிந்தால் எல்லாம் கெட்டது. த்ராட்டிலை விட்ட பிறகும் எஞ்சின் சுற்று இறங்காமல் உயரத்திலேயே தொங்கினால் மேக்னெட் பக்கத்து ஆயில் சீலையோ கார்பரேட்டர் ரப்பரையோ சந்தேகப்படுங்கள். அப்படியே ஓட்டினால் பெட்ரோலும் எண்ணெயும் போதாமல் பிஸ்டன் பிடித்துவிடும். வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, கியர் ஆயிலும் குறைந்துகொண்டே போனால் கிளட்ச் பக்கத்து சீல் போய்விட்டது, எஞ்சின் கியர் ஆயிலைக் குடிக்கிறது. சீலின் விலை பெரிதில்லை. மேக்னெட் பக்கத்து சீலை வெளியிலிருந்தே மாற்றப் பார்க்கலாம், ஆனால் பல வருஷம் நின்ற வண்டியில் சீல் காய்ந்திருந்தால் பேரிங்கும் துருப்பிடித்திருக்கும், அப்போது எஞ்சினையே பிளக்க வேண்டும். பிளந்தபின் கிராங்க்கை பிரஸ்ஸில் பிரித்து, பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கானராட்டை மாற்றி, டயல் கேஜ் வைத்து நேராக்க வேண்டும். இதை வீட்டில் செய்ய முடியாது. போர் போட்டாலும் வேலை முடியவில்லை, சிலிண்டர் சுவரில் கலவையும் புகையும் போய்வரும் துளைகளான போர்ட்டுகளின் ஓரங்களை மெல்ல மழுக்கிவிட வேண்டும், இல்லையென்றால் ரிங் அதில் மாட்டி ஒடியும். சில லேத் கடைகளில் நாம் சொல்லாவிட்டால் இதைச் செய்ய மாட்டார்கள். கேட்டு வாங்குங்கள்.

வெஸ்பா பிஎக்ஸும் இரண்டு ஸ்ட்ரோக்தான், அதே சீல் தொல்லைகள் இங்கேயும் உண்டு. ஆனால் எஞ்சினை இறக்குவது மிக எளிது, கேபிள்களைக் கழற்றி, ஷாக் போல்ட்டையும் நீளமான அச்சு போல்ட்டையும் உருவினால் சக்கரத்தோடு கீழே வந்துவிடும். செயின் கிடையாது, கியர்பெட்டியிலிருந்து நேராகச் சக்கரத்துக்கு. ஆயில் பம்ப் இல்லாத வகை என்றால் பெட்ரோலில் 2 விழுக்காடு எண்ணெய், அதாவது லிட்டருக்கு 20 மில்லி, ஒவ்வொரு தடவையும் நீங்களே அளந்து ஊற்ற வேண்டும். நம்மவர்களுக்கு ஒரு வசதி, எல்எம்எல் கம்பெனி கான்பூரில் இதே பிஎக்ஸ் வடிவத்தைப் பல வருஷம் தயாரித்தது. அதனால் கேபிள், கிளட்ச் பிளேட், சுவிட்ச் எல்லாம் இந்தியச் சந்தையில் இன்றும் புழங்குகின்றன, சென்னைக்குப் போகும் சொந்தக்காரரிடம் பட்டியல் கொடுத்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: வெஸ்பா ரிம் இரண்டு தட்டாகப் பிரிவது. டியூப்பில் காற்றை முழுசாக இறக்காமல் தட்டுகளைச் சேர்க்கும் நட்டைக் கழற்றினால் ரிம் வெடித்துக் கையைப் பதம் பார்த்துவிடும்.

பொருள் வாங்குவதிலும் தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது. ஒரிஜினல் பழைய ஸ்டாக், தாய்லாந்து அல்லது தைவான் பொருள், பெட்டியில் பெயர்கூடச் சரியாக இல்லாத மலிவுப் பொருள் என்று மூன்று படி. எஞ்சினுக்குள் போகிற பிஸ்டன், ரிங், பேரிங், சீல், அப்புறம் பிரேக் ஷூ, இவற்றில் மலிவுப் படிக்கு இறங்கவே வேண்டாம். லெக் ஷீல்டு, சீட் உறை, விளக்குக் கண்ணாடி எல்லாம் எந்தப் படியிலும் இருக்கலாம், பிறகு மாற்றிக்கொள்ளலாம். சில்லறைச் சாமானுக்கு ஸ்டேடியம் பக்கத்தில் லோரோங் குலிட் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். தரையில் பாய் விரித்துப் பழைய ஸ்பேனர், மீட்டர், ஹாரன், கார்பரேட்டர் என்று கொட்டி வைத்திருப்பார்கள். பழைய ஜப்பான் கார்பரேட்டரின் உடம்பு நன்றாக இருந்தால், ஜெட் மட்டும் மாற்றி, புது மலிவு கார்பரேட்டரைவிட ஒழுங்காக ஓட்டலாம். ஆனால் ஸ்லைடு உள்ளே ஆடுகிறதா என்று விரலால் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேரம் பேசுங்கள்.

முழுசாகப் பிரித்து ஒரே மூச்சில் செய்வதா, ஓட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகச் செய்வதா? காசு குறைவென்றால் இரண்டாவதுதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முழுசாகப் பிரித்த வண்டிகள் பெட்டி பெட்டியாக விலைக்கு வருவதைப் பார்த்தாலே தெரியும், பாதிப் பேருக்குப் பாதி வழியில் காசோ ஆர்வமோ தீர்ந்துபோகிறது. பிரேக், டயர், வயரிங், எஞ்சின், பெட்ரோல் டாங்க் என்ற வரிசையில் போனால் வண்டி சீக்கிரமே ரோட்டுக்கு வந்துவிடும், பெயிண்ட் கடைசியில். டாங்க்கில் துரு லேசாக இருந்தால் பேக்கரிச் சாமான் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட்டை வெந்நீரில் கரைத்து ஓர் இரவு ஊறவைத்து, சோடா மாவுத் தண்ணீரால் அலசி, உடனே காயவைத்துக் கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சுழற்றுங்கள். உடனே காயவைக்காவிட்டால் ஒரே நாளில் திரும்பவும் செந்நிறம் பூத்துவிடும். இந்த ஓட்டிக்கொண்டே செய்யும் முறை வெஸ்பாவுக்கு மட்டும் முழுசாகப் பொருந்தாது, தளம் போயிருந்தால் அதுதான் முதல் வேலை, வெல்டிங் முடிந்தால் பெயிண்டும் கூடவே வந்துவிடும்.

ஓட்டத்தில் எது சுகம் என்று கேட்டால், தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவுக்கு மலை ஏறும்போது ஆர்எக்ஸ்இசட்டுக்கு ஈடே கிடையாது, சி70 இரண்டாவது கியரில் முனகிக்கொண்டுதான் ஏறும். 6 வோல்ட் சி70 என்றால் இரவில் அந்த வளைவுகளில் விளக்கு போதாது, 12 வோல்ட்டுக்கு மாற்றுவதற்கு ஆகும் செலவு நியாயமானது. பெருநிலத்துக்குப் போக 13.5 கிலோமீட்டர் பாலத்தில் மோட்டாருக்கு 2019-இலிருந்து டோல் இல்லை, ஆனால் காற்று அடிக்கும் நாளில் சி70-க்கு ஃபெர்ரிதான் நல்லது. வெஸ்பாவின் 10 அங்குலச் சக்கரம் குழியில் இறங்கினால் முதுகில் தெரியும், டவுனுக்குள் சுற்றுவதற்கு அருமை.

இத்தனை சொன்ன பிறகும் ஆர்எக்ஸ்இசட்தான் வேண்டும் என்றால், வீட்டிலேயோ சொந்தத்திலேயோ நிற்கிற வண்டியைத்தான் எடுங்கள், கெரான் யார் கை மாறி வந்தது என்று தெரிந்திருக்கும். அதிலும் ஒரு வேலை உண்டு. வண்டி காலமான அப்பா பெயரிலோ மாமா பெயரிலோ இருந்தால் ஜேபிஜே சும்மா பெயர் மாற்றித் தராது, வாரிசு அல்லது நிர்வாகி என்பதற்கான பத்திரம் கேட்பார்கள். சிறிய சொத்து என்றால் பலரும் அரசின் சொத்து நிர்வாக நிறுவனமான அமானா ராயா வழியாகத்தான் செய்கிறார்கள். அம்மாவையும் உடன்பிறப்புகளையும் உட்காரவைத்துப் பேசி அந்தப் பத்திரத்தைக் கையில் வாங்கிய பிறகு பிஸ்டன் ஆர்டர் போடுங்கள்.