ஃபர்ம்வேர் பாதியில் நின்ற கேமராவை மீட்டுத் தந்த புதுச்சேரிக் கடை

மாசி மகத்தன்று கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் தீர்த்தவாரியைப் படமெடுப்பதற்காக, 4 நாள் முன்னதாக என் கேமராவுக்குப் புதிய ஃபர்ம்வேரை, அதாவது கேமராவை இயக்கும் உள் மென்பொருளை, ஏற்றினேன். முழு அளவு காட்டிய மாற்று நிறுவன பேட்டரியை நம்பியது என் தவறு. பாதி ஏற்றத்தில் திரை இருண்டது. பிறகு எந்த பேட்டரியைப் போட்டாலும் மெமரி கார்டு விளக்கு ஒருமுறை சிமிட்டியதே தவிர, வேறு அசைவில்லை. கடலூரில் விசாரித்த இரண்டு இடங்களிலும், கேமராவைத் திறந்து பார்க்காமலேயே மெயின் போர்டை மாற்றச் சொன்னார்கள்.

புதுச்சேரி அண்ணா சாலையை ஒட்டிய சந்தில் இருக்கும் ஒரு சிறிய பழுதுபார்ப்புக் கடையின் பெரியவரோ, முதலில் அந்த விளக்கைத்தான் கவனித்தார். பல கேமராக்களில், தொடக்க நிரலான பூட்லோடர் ஃபர்ம்வேரிலிருந்து தனியாக இருப்பதால், ஏற்றம் பாதியில் நின்றாலும் அது பிழைத்திருந்து கார்டில் ஃபர்ம்வேர் கோப்பைத் தேடும் என்றும், சிமிட்டல் அதற்கான அறிகுறியாக இருக்கலாம் என்றும் பொறுமையாக விளக்கினார். என் 128 ஜிபி கார்டை ஒதுக்கிவிட்டு, 8 ஜிபி கார்டு ஒன்றை ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பு முறையில் ஃபார்மட் செய்து, கோப்பை எந்த ஃபோல்டருக்குள்ளும் வைக்காமல் நேரடியாக நகலெடுத்தார். இரண்டாம் முறை பதிவிறக்கியதால் கோப்பின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்த ‘1’ என்ற எண்ணை நீக்கி, கோப்பின் அளவைத் தயாரிப்பாளரின் தளத்தில் உள்ள அளவோடு ஒப்பிட்டார். நிறுவனத்தின் அசல் பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்து போட்டதும், சில நிமிடங்களில் திரை ஒளிர்ந்தது. விளக்கு சிமிட்டாதிருந்தால் சிப்பில் நேரடியாக எழுத வேண்டியிருக்கும், அதற்கான கருவி தம்மிடம் இல்லை என்று அவர் முன்கூட்டியே சொன்ன நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அதைவிட முக்கியமானது பிறகு நடந்தது. அமைப்புகள் எல்லாம் அழிந்திருந்ததால், என்னை அருகில் உட்காரவைத்து ஒவ்வொன்றாக மீட்டார். கடிகாரத்தையும், 0001-க்குத் திரும்பியிருந்த படங்களின் வரிசை எண்ணையும் முதலில் சரிசெய்தார். கவனிக்காமல் விட்டால் பழைய படங்களின் பெயரே புதியவற்றுக்கும் வந்து, கணினியில் குழப்பம் நேரும். படத்தைச் சுருக்காமல் முழு விவரத்தோடு சேமிக்கும் ரா பதிவை இயக்கி, ஒளி உணர்திறனைத் தானே மாற்றும் ஆட்டோ ஐஎஸ்ஓவின் மேல் வரம்பை 3200 என்றும், குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை 1/500 நொடி என்றும் அமைத்தோம். நம் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுவதால், அதை நோக்கி எடுக்கும்போது சுவாமியின் முகம் இருண்டுவிடும்; படத்தின் வெளிச்ச அளவான எக்ஸ்போஷரை +1 வரை உயர்த்தும்படி அவர் சொன்னது திருவிழாக் காலையில் மிகவும் பயன்பட்டது.

கூலி 600 ரூபாய். குறை ஒன்றே: எழுத்து மூலமான ரசீதோ உத்தரவாதமோ தாமாகத் தருவதில்லை. விலையுயர்ந்த பொருளை ஒப்படைப்பவர்கள் அதைக் கேட்டே வாங்க வேண்டும். கடை 11 மணிக்குப் பிறகே திறக்கிறது. செல்லும்போது சார்ஜரையும் அசல் பேட்டரியையும் எடுத்துச் செல்லுங்கள்.