ஹெர்குலிஸ் மரக்கற்றாழை: ஏழு வருடம் வளர்த்த பிறகு எழுதுகிறேன்

இந்தச் செடியை வாங்கிய ஆறு மாதத்தில் பலர் ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் இதில் பார்க்க ஒன்றுமே இருக்காது. என்னிடம் இருப்பதற்கு இப்போது ஏழு வயது, நட்டது மண்ணில், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஹெர்குலிஸ் ஒரு கலப்பினம். ஒரு பக்கம் அலோய்டென்ட்ரான் பார்பரே, தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியிலிருந்து மொசாம்பிக் வரை வளர்வது, காட்டில் 18 மீட்டர் உயரம்கூடப் போகும். இன்னொரு பக்கம் அலோய்டென்ட்ரான் டைகாட்டமம். நமீபியாவிலும் தென்னாப்பிரிக்காவின் வடமேற்கிலும் வெயில் காயும் பாறைச் சரிவுகளில் நிற்கும் அம்பறாத்தூணி மரம் இதுதான், சான் மக்கள் இதன் கிளையைக் குடைந்து அம்பு வைக்கும் கூடு செய்ததால் அந்தப் பெயர். 2013 வரை இவை இரண்டும் ஆலோ என்ற பேரினத்திலேயே இருந்தன, பழைய பெயர்ச்சீட்டுகளில் இன்னும் அப்படித்தான் இருக்கும், குழம்ப வேண்டாம்.

ஹெர்குலிஸ் வாங்குவதற்கு முன் அம்பறாத்தூணி மரத்தைத்தான் இரண்டு தடவை வளர்த்துப் பார்த்தேன். இரண்டும் அடைமழையில் வேர் அழுகிப் போய்விட்டன, இரண்டாவது போனபோது மனசு விட்டுப்போச்சு. ஹெர்குலிஸ் அந்த மழையெல்லாம் தாங்குகிறது. பார்பரேயின் வேகமும் அம்பறாத்தூணியின் தடித்த அடிமரமும் ஒரே செடியில் கிடைப்பதுதான் இதன் பெரிய பலம், மடலும் இரண்டுக்கும் நடுவில் இருக்கும்: பார்பரே மாதிரி நீளமாக வளைந்து தொங்காது, மற்றதைப் போலக் குட்டையாகச் சாம்பல் நீலமாகவும் இருக்காது.

வாங்கிய விதத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. அஞ்சலில் அனுப்பிய நர்சரி, ஈரமான தேங்காய்நார்த் தூளில் வேரை இறுக்கிக் கட்டி அனுப்பியிருந்தது, பிரித்துப் பார்த்தால் அடியில் இரண்டு வேர் கறுத்திருந்தது. அதை வெட்டிவிட்டு, தூளை முழுக்க உதிர்த்து, ஒரு வாரம் நிழலில் காயவைத்துத்தான் நட்டேன். உங்களுக்கு வந்தாலும் அப்படியே குழியில் வைத்துவிடாதீர்கள், அந்தத் தூள் உள்ளே ஈரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

அப்புறம், சின்னச் செடியாகவே வாங்குங்கள். நான் ஒரு சாண் செடி வாங்கிய அதே மாதம் நண்பர் ஒருவர் இடுப்பு உயரச் செடியாக, அதிக விலை கொடுத்து வாங்கினார். அது தொட்டியில் வருடக்கணக்கில் அடைபட்டு வேர் சுருண்டு கிடந்த செடி, மண்ணில் வைத்த பிறகும் நகரவே இல்லை. நாலாவது வருடம் என்னுடையது அதைத் தாண்டிவிட்டது. தொட்டியிலும் உயிரோடு இருக்கும்தான், ஆனால் யானைக்கால் போல அடி பெருப்பதைப் பார்க்க ஆசையிருந்தால் நிலத்தில்தான் வைக்க வேண்டும்.

குழி தோண்டுவதைவிட மேடு போடுவது நல்லது. நான் முழங்கால் உயரத்துக்கு ஜல்லியும் மணலும் தோட்டத்து மண்ணும் கலந்து மேடு போட்டு அதன் உச்சியில் நட்டேன். முதல் இரண்டு வருடம் வெயில் காலத்தில் வாரம் ஒரு தடவை தண்ணீர், இப்போது எப்போதாவதுதான்.

ஐந்தாம் வருடம் தலை இரண்டாகப் பிரிந்தது. நான் எதையும் வெட்டவில்லை. தானாகவே நுனியில் இரண்டு முளை சமமாகக் கிளம்பி, சில மாதத்தில் கவட்டையாக நின்றது, தினமும் காலையில் போய் அதைத்தான் முதலில் பார்ப்பேன். போன வருடம் அந்த இரண்டும் மறுபடி பிரிந்து நாலு தலை ஆனது. சீக்கிரம் கிளைக்கட்டும் என்று உச்சியை வெட்டச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், செய்யாதீர்கள். வெட்டிய இடத்தில் பக்கக் கிளைகள் கோணலாக வந்து அந்த ஒழுங்கு கெட்டுவிடும்.

வீட்டுச் சுவரை ஒட்டி மட்டும் நட வேண்டாம். இதற்குள் தேக்கு, வேம்பு மாதிரி வைரம் பாய்ந்த கட்டை கிடையாது, நார் நாராகத் தண்ணீர் நிறைந்த சதைதான், கிளைகள் அசாத்திய கனம். ஒரு காற்றில் என் மரத்தின் பக்கத்தலை ஒன்று முறிந்து விழுந்து கீழே இருந்த தொட்டி நொறுங்கியது. நடைபாதை, வாகனம் நிறுத்தும் இடம், குழந்தைகள் விளையாடும் இடம் எல்லாவற்றிலிருந்தும் நன்றாகத் தள்ளி வையுங்கள். இடம் இல்லையென்றால் இந்தச் செடி வேண்டாம், புதராக நிற்கும் ஆலோ ஆர்போரெசன்ஸ் போதும்.

‘கோலியாத்’ என்று இன்னொரு கலப்பினமும் விற்கிறார்கள். மடல் பிரமாண்டமாக இருக்கும், படத்தில் பார்த்தால் மயக்கிவிடும், ஆனால் மெல்லிய தண்டு அந்தத் தலையைத் தாங்காமல் சாய்ந்துவிடும், முட்டுக்கொடுத்தே வைத்திருக்க வேண்டும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பூச்சியில் கவனிக்க வேண்டியது கற்றாழைச் சிலந்திப்பேன். கண்ணுக்குத் தெரியாது, மடல் அடியில் மருப்போலத் திரண்டு கோரமாகப் புடைத்தால் அதுதான். அந்தப் பகுதியைத் தாராளமாக வெட்டி எடுத்து அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள், கத்தியையும் கழுவிவிடுங்கள்.

ஐந்துக்கு நாலரை தருவேன். அரை மதிப்பெண் குறைத்தது முறியும் கிளைக்காக. அன்று விழுந்த தலையை மூன்று வாரம் நிழலில் போட்டு வெட்டுவாய் காய்ந்த பிறகு வெறும் மணலில் நிறுத்தி வைத்தேன், போன வாரம் அசைத்துப் பார்த்தால் அசையவில்லை, வேர் பிடித்துவிட்டது.